லூப் சுற்றுவது பெரிய விஷயமில்லை… எப்போது நிற்கும் என்று யார் சொல்வது?

2008 டிசம்பர் 31. உலகமே புத்தாண்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், மைக்ரோசாஃப்ட்டின் 'ஸூன்' மியூசிக் பிளேயர் வைத்திருந்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. 30 ஜிபி மாடல் ஸூன்கள் ஒரே நாளில் உறைந்துபோயின. ஆன் செய்தால் லோடிங் திரை வரும், அதற்கு மேல் நகராது. மைக்ரோசாஃப்ட் சொன்ன தீர்வு இன்னும் வேடிக்கை. பேட்டரி முழுசாகத் தீரும்வரை விட்டுவிடுங்கள், ஜனவரி 1 கிரீன்விச் நேரப்படி நண்பகலுக்குப் பிறகு மறுபடி ஆன் செய்யுங்கள் என்றது நிறுவனம்.

அதேபோல செய்தார்கள். சரியாகிவிட்டது.

வைரஸ் இல்லை, ஹேக்கிங் இல்லை. தேதியைக் கணக்கிடும் சின்ன மென்பொருளில் இருந்த ஒரே ஒரு லூப்தான் காரணம். எப்போது நிற்க வேண்டும் என்பதை ஒரு குறிப்பிட்ட நாளில் மட்டும் அந்த லூப்புக்குச் சொல்லித்தர மறந்துவிட்டார்கள்.

கோடிங் கற்கத் தொடங்குகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே லூப் எழுதிவிடுகிறார்கள். இப்போது அதுகூட வேண்டாம், ஏஐ-யிடம் கேட்டால் பத்து விநாடியில் எழுதித் தருகிறது. ஆனால், லூப்பின் உயிர் அதன் நிபந்தனையில்தான் இருக்கிறது. அந்த நிபந்தனையைப் படிக்கத் தெரியாமல் லூப் மட்டும் எழுதத் தெரிவது, பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் கற்றுக்கொள்வது மாதிரி. இதைப் புரிந்துகொள்ள இன்றைக்கும் மிக எளிமையான பள்ளிக்கூடம், பலரும் கிண்டலடிக்கிற பழைய பேசிக் மொழிதான்.

ஸூனில் என்ன நடந்தது?

அந்த மென்பொருள் ஒரு தொடக்க நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள் ஆகிறது என்ற எண்ணை எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து வருடம் வருடமாகக் கழித்து, இது எந்த வருடம் என்று கண்டுபிடிக்கும். அசல் நிரல் சி மொழியில் எழுதப்பட்டது. தர்க்கம் எந்த மொழியிலும் இதுதான்:

மீதி நாட்கள் 365-ஐ விட அதிகமாக இருக்கும்வரை சுற்று.
லீப் வருடம் இல்லையென்றால் 365-ஐக் கழி, வருடத்தில் ஒன்று கூட்டு.
லீப் வருடம் என்றால், மீதி நாட்கள் 366-ஐ விட அதிகமாக இருந்தால் மட்டும் 366-ஐக் கழி, வருடத்தில் ஒன்று கூட்டு.

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. 2008 லீப் வருடம். டிசம்பர் 31 அந்த வருடத்தின் 366-வது நாள். மீதி நாட்கள் 366 என்று வந்து நிற்கும்போது, 365-ஐ விட அதிகம் என்பதால் லூப் உள்ளே போகிறது. 366-ஐ விட அதிகமா? இல்லை. எனவே, எதையும் கழிக்கவில்லை. மறுபடி மேலே போகிறது. மீதி இப்போதும் 366. மறுபடி உள்ளே. இப்படியே பேட்டரி தீரும்வரை.

மறுநாள் அந்த எண் 367 ஆகிவிட்டது. 366-ஐக் கழித்தால் மீதி 1. லூப் நின்றது, ஸூன் உயிர்பெற்றது. லீப் வருடத்தின் கடைசி நாளில் மட்டும் கடிக்கிற பிழை இது. மற்ற நாட்களில் எத்தனை முறை சோதித்திருந்தாலும் பிடிபட்டிருக்காது.

பேசிக் எங்கே வருகிறது?

1964 மே 1, அதிகாலை 4 மணி. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில், ஜான் கெமெனி, தாமஸ் கர்ட்ஸ் என்ற இரண்டு கணிதப் பேராசிரியர்கள் உருவாக்கிய பேசிக் மொழியின் முதல் புரோகிராம்கள் ஓடின. விஞ்ஞானிகளுக்கு மட்டுமல்ல, இலக்கியமும் வரலாறும் படிக்கிற மாணவர்களுக்கும் கம்ப்யூட்டர் கைக்கு வர வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அதனால்தான் கட்டளைகள் சாதாரண ஆங்கிலச் சொற்களாக இருந்தன.

அந்த முதல் பேசிக்கில் 'வைல்' கிடையாது. 'ஃபார்', 'நெக்ஸ்ட்' இருந்தன. எத்தனை முறை என்று முன்பே தெரிந்தால் அது போதும். தெரியாதபோது 'இஃப்' போட்டு நிபந்தனையைச் சோதித்து, 'கோ டு' போட்டு பழைய வரிக்குத் தாவ வேண்டும். நிபந்தனை லூப் என்பதைப் புரோகிராமரே கையால் கட்டினார். புரோகிராம் வளர வளர, எந்த வரியிலிருந்து எந்த வரிக்குத் தாவுகிறது என்று தேடுவதே வேலையாகிப்போனது. கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968-ல் 'கோ டு' கட்டளைக்கு எதிராக எழுதிய கடிதம் இந்தத் துறையில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பிற்பாடு அவர் பேசிக் மொழியையே கடுமையாகத் தாக்கினார். அதில் பழகிய மாணவர்களைத் திருத்துவது கஷ்டம் என்பது அவர் வாதம்.

பேசிக் அப்படியே நின்றுவிடவில்லை. ஜிடபிள்யூ-பேசிக்கில் 'வைல்', 'வெண்ட்' வந்தன. 1991-ல் எம்எஸ்-டாஸ் 5 உடன் வந்த க்யூபேசிக்கில் 'டூ', 'லூப்' இருந்தன. அவற்றோடு 'வைல்' அல்லது 'அன்டில்' சேர்த்து நிபந்தனையை மேலேயும் வைக்கலாம், கீழேயும் வைக்கலாம். அதே அமைப்புதான் இன்றைக்கும் எக்செல் மேக்ரோக்களுக்குள் ஓடுகிறது. எக்செலில் 1993 முதல் இருக்கும் வி.பி.ஏ. என்பது பேசிக்கின் பேரப்பிள்ளை. அலுவலகத்தில் யாரோ எப்போதோ எழுதிவைத்த மேக்ரோவை இயக்கி ரிப்போர்ட் எடுக்கிற யாரும் பேசிக்கோடுதான் புழங்குகிறார்கள்.

'ஃபார்' இருக்கும்போது நிபந்தனை எதற்கு?

ஒரு கிரெடிட் கார்டு கணக்கை எடுத்துக்கொள்வோம். பாக்கி 1,00,000 ரூபாய், வட்டி மாதம் 3.5%. புதிதாக எதுவும் வாங்கவில்லை, மற்ற கட்டணங்களும் இல்லை. மாதம் 5,000 ரூபாய் கட்டினால் எத்தனை மாதத்தில் கடன் தீரும்?

இங்கே 'ஃபார்' உதவாது. எத்தனை சுற்று என்பதுதானே கேள்வியே! தீரும்வரை சுற்றிவிட்டு எண்ணிச் சொல் என்றுதான் கேட்க முடியும். தமிழ் எழுத்தில் எழுதிப்பார்த்தால் நிரல் இப்படி இருக்கும்:

பாக்கி = 100000
மாதம் = 0
டூ வைல் பாக்கி > 0
பாக்கி = பாக்கி + பாக்கி * 0.035
பாக்கி = பாக்கி - 5000
மாதம் = மாதம் + 1
லூப்
பிரிண்ட் மாதம்

விடை 35. கிட்டத்தட்ட மூன்று வருடம். மொத்தம் கட்டும் தொகை சுமார் 1.75 லட்சம். 5,000 என்பதை 4,000 என்று மாற்றினால் விடை 61 மாதம், மொத்தம் சுமார் 2.42 லட்சம். மாதம் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கட்டியதற்குக் கூடுதலாகப் போவது 67 ஆயிரம் ரூபாய்.

இப்போது 3,500 என்று மாற்றுங்கள். விடை வராது. திரை அப்படியே நிற்கும். லட்சத்துக்கு முதல் மாத வட்டியே 3,500. வட்டியைச் சேர்த்து, அதே 3,500-ஐக் கழித்தால் பாக்கி மறுபடி 1,00,000. பாக்கி பூஜ்ஜியத்தை நோக்கி ஓர் அடிகூட நகரவில்லை.

இங்கே புரோகிராமில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. கம்ப்யூட்டரும் சொன்னதைத்தான் செய்கிறது. கேட்ட கேள்விக்கு முடிவே கிடையாது, அவ்வளவுதான். வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு 'கட்டிட்டுதானே இருக்கேன், ஏன் குறையல' என்று கேட்பவரின் வாழ்க்கையும் இதே லூப்தான். எட்டு வரி பேசிக் இதைக் காட்டுகிற அளவுக்குத் தெளிவாக எந்த விளம்பரச் சிற்றெழுத்தும் காட்டாது.

'வைல்', 'அன்டில்': தமிழில் இரண்டுமே 'வரை'

தமிழில் யோசித்து கோடிங் செய்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. 'உயிர் உள்ளவரை' என்கிறோம். 'உயிர் போகும்வரை' என்றும் சொல்கிறோம். இரண்டிலும் 'வரை' இருக்கிறது, அர்த்தமும் ஒன்றுதான். ஆனால், முதலாவது தொடர்வதற்கான நிபந்தனை, இரண்டாவது நிற்பதற்கான நிபந்தனை.

பேசிக்கில் முதலாவது 'வைல்'. நிபந்தனை உண்மையாக இருக்கும் காலம் முழுக்கச் சுற்றும். இரண்டாவது 'அன்டில்'. நிபந்தனை உண்மை ஆனவுடன் நிற்கும். 'வைல் பாக்கி > 0' என்பதும் 'அன்டில் பாக்கி <= 0' என்பதும் ஒரே வேலையைச் செய்யும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது நிபந்தனையை முழுசாகத் திருப்பிப்போட வேண்டும்.

ஒரே நிபந்தனை என்றால் சுலபம். இரண்டு சேரும்போதுதான் வழுக்குகிறது. பின் நம்பர் கேட்கும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 'பின் தப்பு, அதோடு முயற்சி 3-க்குக் குறைவு' என்றால் தொடர வேண்டும். இது 'வைல்' கணக்கு. 'அன்டில்' ஆக்கினால் 'பின் சரி அல்லது முயற்சி 3 ஆகிவிட்டது' என்று வர வேண்டும். நடுவில் இருந்த 'அதோடு' இப்போது 'அல்லது' ஆகிவிட்டது.

அவசரத்தில் அதை மாற்ற மறந்தால் என்ன ஆகும்? 'பின் சரி, அதோடு முயற்சி 3' என்றால்தான் நிற்கும். சரியான பின்னை முதல் தடவையே போட்டவரை மறுபடி கேட்கும். அதைவிட மோசம், மூன்று தடவை தப்பாகப் போட்டவரையும் தடுக்காது. திருடனுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் முயற்சி செய்ய வாய்ப்பு. ஒரு இணைப்புச் சொல்லில் பூட்டே கழன்றுவிடுகிறது.

கேள்வியை வாசலில் கேட்பதா, கிளம்பும்போதா?

நிபந்தனை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 'டூ' பக்கத்தில் மேலே வைத்தால் உள்ளே நுழையும் முன்பே சோதிக்கும். ஒரு தடவைகூட ஓடாமல் போகலாம். 'லூப்' பக்கத்தில் கீழே வைத்தால் ஒரு தடவை ஓடிய பிறகுதான் சோதிக்கும்.

பின் நம்பருக்குக் கீழே வைப்பது சரி. ஒரு தடவையாவது கேட்காமல் சரியா தப்பா என்று எப்படித் தெரியும்? கடன் கணக்குக்கு மேலே வைப்பதுதான் சரி. பாக்கியே இல்லாதவரிடம் முதல் மாதம் 5,000 ரூபாய் பிடித்துவிட்டு, அப்புறம் 'உங்களுக்குப் பாக்கி இல்லையே' என்று சொன்னால் சும்மா விடுவாரா?

பேசிக்கின் ஒவ்வொரு வடிவமும் இதில் ஒவ்வொரு முடிவை எடுத்தது. 1981-ல் வந்த பிபிசி மைக்ரோவின் பேசிக்கில் 'ரிப்பீட்', 'அன்டில்' இருந்தன, சோதனை கீழேதான். 1984-ல் இந்தியப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த 'கிளாஸ்' திட்டத்தில் போன இயந்திரமும் அந்த பிபிசி மைக்ரோதான். கமடோர் 64-ல் 10-லிருந்து 1 வரை ஏறுமுகமாக எண்ணு என்று 'ஃபார்' லூப்பிடம் சொன்னால், அர்த்தமே இல்லாவிட்டாலும் ஒரு தடவை ஓடிவிட்டுத்தான் நிற்கும். க்யூபேசிக்கில் அதே வரி ஒரு தடவைகூட ஓடாது. வரி ஒன்றுதான், சோதிக்கும் இடம் வேறு.

நிற்காத லூப்: மூன்று வழக்கமான காரணங்கள்

முதல் காரணம், நிபந்தனையில் உள்ள எதுவும் உள்ளே மாறுவதில்லை. எக்செலில் 'செல் காலியாகும்வரை படி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரிசைக்கு நகர்த்தும் வரியை மறந்துவிடுவார்கள். ஒரே செல்லைப் படித்துக்கொண்டே இருக்கும். திரையில் 'நாட் ரெஸ்பாண்டிங்'. எஸ்கேப் அல்லது கன்ட்ரோல்-பிரேக் அழுத்தினால் தப்பிக்கலாம். முன்பே சேவ் செய்யாதவர்களுக்கு அந்த நிமிடம் ரொம்பப் பெரியது.

இரண்டாவது, மாறுகிறது, ஆனால் இலக்கை நோக்கி நகர்வதில்லை. 3,500 ரூபாய் கட்டிய கதை இதுதான். ஸூன் கதையும் கிட்டத்தட்ட இதுதான்.

மூன்றாவது, இலக்கைத் தொடாமல் தாண்டிப்போவது. எக்ஸ் என்பதை 0-வில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 0.1 கூட்டி, 'எக்ஸ் = 1 ஆகும்வரை' என்று வி.பி.ஏ.-வில் எழுதினால் பத்து சுற்றில் நிற்க வேண்டும். நிற்காது. மூன்றில் ஒரு பங்கை தசமத்தில் 0.333… என்று முடிவில்லாமல் எழுதுகிறோம் அல்லவா? அதேபோல, இரண்டடிமான எண்களில் 0.1-ஐத் துல்லியமாக எழுத முடியாது. பத்தாவது சுற்றில் மதிப்பு 1-க்கு மயிரிழை பக்கத்தில் வந்துவிட்டு, அடுத்த சுற்றில் தாண்டிப் போய்விடும். 'எக்ஸ் >= 1' என்று மாற்றினால் நிற்கும், ஆனால் ஒரு சுற்று கூடுதலாக ஓடிவிடும். 1-லிருந்து 10 வரை முழு எண்ணில் எண்ணி, தேவையான இடத்தில் 10-ஆல் வகுப்பதே பாதுகாப்பு.

'ஏஐ எழுதித் தருதே, இதெல்லாம் எதுக்கு?'

நியாயமான கேள்விதான். ஏஐ கருவிகள் எழுதும் லூப்கள் பெரும்பாலும் சரியாகவே ஓடுகின்றன. ஸூன் லூப்பும் 2008 டிசம்பர் 30 வரை சரியாகவே ஓடியது. எல்லையில் நிற்கும் ஒரு நாளை, ஒரு ரூபாயை, ஒரு தவறான முயற்சியை யோசிக்க வேண்டியவர் அந்தத் தொழிலைத் தெரிந்தவர்தான். கடன் கணக்கில் 'கட்டும் தொகை வட்டியைவிடக் குறைவாக இருந்தால்?' என்ற கேள்வி, வங்கி வேலை தெரிந்தவருக்குச் சட்டென்று வரும். வெறுமனே 'கடன் தீரும் மாதங்களைக் கணக்கிடு' என்று கேட்டு வாங்கிய நிரலில் அது இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருக்கிறதா என்று பார்க்கவாவது தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சோதிக்கும் ஒரு கருவியைச் செய்துவிடலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது நிற்குமா நிற்காதா என்று தப்பாமல் சொல்லும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்று ஆலன் டூரிங் 1936-லேயே நிரூபித்துவிட்டார். பல புரோகிராம்களை ஆராய்ந்து சொல்லும் கருவிகள் உண்டு. எல்லாவற்றுக்குமான ஒன்று கிடையாது.

'நிற்காத லூப் எல்லாமே தப்பா?' என்று கேட்டால், இல்லை. கையில் இருக்கும் போன், தொடுதலுக்காகக் காத்திருந்து சுற்றிக்கொண்டே இருப்பதால்தான் வேலை செய்கிறது. இணைய சர்வரும் அப்படித்தான். அவை தெரிந்தே முடிவில்லாமல் விடப்பட்டவை. சிக்கல், தெரியாமல் அப்படி ஆகிப்போனவற்றில்தான்.

இன்று ஏஐ ஏஜென்ட்களும் லூப்களே. ஒரு வேலையைக் கொடுத்தால், முடியும்வரை முயற்சி செய், தோற்றால் மறுபடி செய் என்று சுற்றுகின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் காசு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'அதிகபட்சம் இத்தனை முறை' என்று ஓர் உச்சவரம்பு வைக்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால், உச்சவரம்பு என்பது லிஃப்டில் இருக்கும் அவசர பட்டன் மாதிரி. தினமும் அதை அழுத்தித்தான் இறங்க வேண்டியிருக்கிறது என்றால், லிஃப்டைத்தான் சரிசெய்ய வேண்டும்.

என்ன மாற வேண்டும்?

கோடிங் வகுப்புகளில் லூப் நடத்தும்போது, 'ஒன்றிலிருந்து பத்து வரை பிரிண்ட் செய்' என்பதோடு அத்தியாயம் முடிந்துவிடக் கூடாது. விடை சரியா என்று மட்டும் பார்த்து மார்க் போட்டால், மாணவர் கற்பது கட்டளையின் எழுத்துக்கூட்டலை மட்டும்தான். மூன்று கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லவைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் எது மாறுகிறது? அது எல்லையை நோக்கித்தான் போகிறதா? எல்லைக்கு ஒன்று முன்னால், சரியாக எல்லையில், ஒன்று பின்னால் என்ன ஆகும்?

கடைசிக் கேள்வியை ஸூனின் லூப்பிடம் கேட்டுப் பாருங்கள். 365 கொடுத்தால் நிற்கிறது. 367 கொடுத்தால் நிற்கிறது. 366 கொடுத்தால் மாட்டிக்கொள்கிறது. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

இதைப் பழக பைத்தான் போதும், ஜாவா ஸ்கிரிப்ட் போதும். மொழி ஒரு தடையே இல்லை. ஆனால், பைத்தானில் 'வைல்' மட்டும்தான், சோதனையும் மேலே மட்டும்தான். பேசிக்கில் 'வைல்' வேண்டுமா 'அன்டில்' வேண்டுமா, மேலேயா கீழேயா என்று ஒவ்வொரு முறையும் எழுதுபவரே முடிவு செய்தாக வேண்டும். அந்தச் சின்னத் தயக்கம்தான் பாடம். அலுவலக லேப்டாப்பில் எக்செல் இருந்தால் வி.பி.ஏ.-வும் பெரும்பாலும் இருக்கும். அதே கடன் கணக்கை எட்டு வரியில் எழுதி, சொந்தக் கிரெடிட் கார்டு பாக்கியையும் மாதம் கட்டும் தொகையையும் போட்டுப் பார்க்கலாம். ஓட்டுவதற்கு முன் ஃபைலை ஒரு தடவை சேவ் செய்துகொள்வது நல்லது.